ஆமை புகுந்த வீடு

கந்தோரில் கேட்கிறார்கள், கோயிலில் கேட்கிறார்கள், போன கிழமை மீன் வாங்கப் போன இடத்திலும் ஒரு அக்கா பிடித்துக்கொண்டார். "உங்கட வீட்டில தன்பாட்டில ஓடிக் கூட்டுற மெஷின் ஒண்டு நிக்குதாமே, உண்மையோ? அது வடிவாக் கூட்டுமோ? எங்களுக்கும் ஒண்டு எடுக்கலாமோ?" ஆளுக்கு ஆள் நின்று பதில் சொல்லி வாய் நொந்துவிட்டது. அதனால் ஒரேயடியாக இங்கே எழுதி வைக்கிறேன். அவசரக்காரருக்கு முதலே சொல்லிவிடுகிறேன்: கூட்டும். ஆனால் எங்கள் வீட்டில் அது செய்த பெரிய வேலை கூட்டியது இல்லை. அது என்ன வேலை என்று விளங்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

வீட்டு நிலவரத்தைச் சொல்லாவிட்டால் கதை பிடிபடாது. திருகோணமலையில் லிங்கநகர். ஒரு ஹோல், மூன்று அறை, ஒரு படி இறங்கினால் குசினி, முன்னால் விறாந்தை. நான், இவர், மாமி, மூன்று பிள்ளைகள் என்று ஆறு பேர். கணக்கில் வராத பூனை ஒன்று. நான் காலை ஏழேகாலுக்கு வெளிக்கிட்டால் ஐந்து மணிக்குத்தான் வீடு. இவருக்கு ஷிப்ட் வேலை. எப்போது படுப்பார், எப்போது எழும்புவார் என்பது பூனைக்குத்தான் தெரியும். மூத்தவன் ஓ.எல். வகுப்பு, மகள் எட்டாம் வகுப்பு, சின்னவனுக்கு ஏழு வயது. பகலில் வீட்டை ஆள்பவர் மாமி. அறுபத்தொன்பது வயது, ஒரு முழங்கால் சரியில்லை.

எங்கள் பக்கத்தில் கச்சான் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். திருவிழாவில் குவித்து வைத்து விற்கிற கடலை ஒன்று. வைகாசி பிறக்க மேற்கே காட்டுப் பக்கமிருந்து அனலாக வீசத் தொடங்குகிற காற்று மற்றது. இரண்டும் வீட்டுக்குள் குப்பை கொண்டுவரும். கடலையென்றால் கோதோடு போய்விடும். காற்று கொண்டுவருகிற புழுதிக்குக் கணக்கில்லை. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளை உப்புவெளிக் கடற்கரைக்குக் கூட்டிப் போய் வந்தால் செருப்பு, களிசான் பொக்கற், தலைமயிர் எல்லாவற்றிலிருந்தும் மணல் கொட்டும். இதற்குமேல் காலைச் சாப்பாட்டுப் பாண் துகள், திருவலையிலிருந்து தெறிக்கிற தேங்காய்ப்பூ, பென்சில் சீவல், பூனை மயிர்.

இவ்வளவையும் மாமி நாளுக்கு இரண்டு தரம் கூட்டுவார். விடிய முத்தம், பிறகு உள்வீடு. பின்னேரம் விளக்கு வைக்க முதல் திரும்பவும் உள்வீடு. முத்தத்துக்கு ஈர்க்குமாறு, உள்ளுக்குத் தும்புத்தடி. உள்வீடு கூட்ட ஒரு தரத்துக்கு இருபது நிமிடம். முழங்கால் நோ தொடங்கின பிறகு அது அரை மணித்தியாலம் ஆனது. நான் கூட்டுகிறேன் என்றால் விடமாட்டார். வேலை முடித்து வந்து களைத்துப்போய் நான் கூட்டினால் மூலைகளை விட்டுவிடுவேனாம். உண்மைதான்.

சின்னவனுக்கு முட்டு இருக்கிறது. கச்சான் காலத்தில் இரவில் இழுக்கத் தொடங்கினால் வீடே நித்திரை கொள்ளாது. டொக்டர் படுக்கை விரிப்பைச் சுடுதண்ணீரில் தோய்க்கச் சொன்னார், தூசி கிளம்பாமல் பார்க்கச் சொன்னார். தும்புத்தடியில் தூசி கிளம்பாமல் கூட்ட முடியுமா? பருமன் குப்பை வாசலுக்குப் போகும். மெல்லிய தூசி எழும்பிப் பறந்து, ஆறுதலாக அதே இடத்தில் வந்து குந்தும். இந்தக் கரைச்சல் எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கான்டன் என்ற ஊரில் ஜேம்ஸ் மறே ஸ்பாங்ளர் என்று ஒருவர் கடைக் கட்டடமொன்றில் துப்புரவு வேலை பார்த்தார். ஆஸ்துமாக்காரர். கூட்டக் கூட்ட இழுப்புக் கூடியது. ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு விளக்குமாற்றுப் பிடி, தூசியைப் பிடிக்க ஒரு தலையணை உறை எல்லாவற்றையும் பொருத்தித் தனக்கென்று ஒரு மெஷின் செய்துகொண்டார். 1908 இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதை விலைக்கு வாங்கியவர்தான் ஹூவர். கையில் பிடித்துத் தள்ளுகிற மின்சார வாக்குவத்தின் பிறப்பே முட்டு வருத்தத்தில்தான் என்று வாசித்த அன்றைக்கு எனக்கும் ஆசை வந்தது.

2024 ஆவணியில் ஸ்காபறோவிலிருந்து தம்பி வருவதாக இருந்தது. "அக்கா, ரோபோ வாக்குவம் ஒண்டு கொண்டு வரட்டே? தன்ர குப்பையைத் தானே போய்க் கொட்டுற கோபுரத்தோட இருக்கு" என்றான். நான் சரி சொல்ல வாய் திறக்க முதல் இவர் குறுக்கிட்டார். "அந்தக் கோபுரத்துக்கு அடியில ஒட்டியிருக்கிற லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு." படம் வந்தது. 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தது. கனடாவில் சுவரிலிருந்து வருவது 120. எங்களுக்கு வருவது 230. மெஷினுக்குக் கரண்ட் ஏற்றுகிற சாதாரணத் தட்டின் அடப்டரில் பெரும்பாலும் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கும், அதற்குப் பயமில்லை. குப்பையை உறிஞ்சுகிற கோபுரத்துக்குள் இருப்பது பெரிய மோட்டார்; அதை அந்தந்த நாட்டு மின்சாரத்துக்கென்றே செய்கிறார்கள். இங்கே கொண்டுவந்து சொருகியிருந்தால் முதல் நாளே புகைதான். லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் இந்தத் தலையிடி இல்லை. வோல்டேஜும் ஒத்துவரும், மூன்று சதுரக் கால் பிளக்கும் ஒத்துவரும். எங்களுக்கு வாய்த்தது கனடா. கோபுரமில்லாத மெஷின் வந்தது.

பெட்டியைப் பிரித்துத் தரையில் வைத்தோம். வட்டமாக, கறுப்பாக, முதுகில் ஒரு குமிழோடு கிடந்தது. சின்னவன் ஒரே சொல்லில் பேர் வைத்துவிட்டான்: "ஆமை!"

மாமிக்கு முகம் கறுத்துவிட்டது. "ஆமை புகுந்த வீடு உருப்படாதெண்டு சொல்லுறவை. வேற பேர் வையுங்கோடா." யார் கேட்டது? பேர் ஒட்டிவிட்டது. மாமி மட்டும் அந்தச் சொல்லை வாயிலெடுக்க மாட்டார். அவருக்கு அது "அவன்". "அவன் கட்டிலுக்குக் கீழ போய் நிக்கிறான், பார்."

அடுத்து நேரப் பிரச்சினை. எல்லோரும் வெளிக்கிட்டுப் போனதும் ஏழே முக்காலுக்கு ஓடட்டும் என்று போனில் நேரம் வைத்தேன். "ஆக்கள் வெளிக்கிட்டுப் போன கையோட வீடு கூட்டுறதோ? போனதுகள் திரும்பி வரவேண்டாமே?" என்றார் மாமி. சரி, இரவு ஏழு மணிக்கு மாற்றினேன். "விளக்கு வைச்ச பிறகு கூட்டினால் சீதேவி வெளிய போயிடுவா." கடைசியில் ஒன்பதரை என்று முடிவானது. சாத்திரமும் கெடவில்லை, வெளிச்சமும் இருக்கிறது, மெஷின் எங்கேயாவது சிக்கினால் பார்க்க மாமியும் இருக்கிறார்.

முதல் ஒரு கிழமை மாமி கதிரையில் இருந்து அதைக் காவல் காத்தார். குமிழுக்குள் ஒரு லேசர் சுற்றிக்கொண்டே இருக்கும். சுவரில் பட்டுத் திரும்புகிற ஒளியை வைத்துத் தூரத்தை அளந்து, வீட்டின் படத்தைத் தானே கீறிவைத்துக்கொள்ளும். பிறகு வயல் உழுகிற மாதிரி வரிவரியாகப் போய் வரும். 2002 செப்டெம்பரில் ரூம்பா என்ற ரோபோ வாக்குவம் முதன்முதல் விற்பனைக்கு வந்தபோது இந்த வசதி எதுவுமில்லை. முட்டும், திரும்பும், வேறு பக்கம் போகும். ஒரு நாள் ஓடி முடிந்த படத்தைப் போனில் மாமிக்குக் காட்டினேன். ஹோலும் அறைகளும் நெருக்கமான கோடுகளால் நிறைந்திருந்தன. கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நான் முத்தத்தில போடுற கோடு மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். விடியற்காலையில் அவர் கூட்டி முடித்த மணலைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் விளங்கும். கிணற்றடியிலிருந்து படலை வரைக்கும் ஈர்க்கின் வளைவுகள், ஒன்றோடொன்று முட்டாமல். அதன்மேல் முதல் காலடி வைக்க எனக்கே மனம் வராது. எந்த மெஷினும் அந்த முத்தத்தில் இரண்டு அடி ஓடாது. சில்லு புதைந்து நின்றுவிடும்.

இனிக் குறைகள். எங்கள் ஹோலில் வெள்ளை மாபிள். வீடு கட்டின காலத்தில் மேசன் ஆசைப்பட்டுச் சுற்றிவரக் கறுப்பு மாபிளில் ஒரு கரை போட்டுவிட்டார். ஆமை அந்தக் கறுப்புக் கோட்டுக்குக் கிட்டப் போனதும் நிற்கும், பின்வாங்கும், திரும்பிவிடும். இலட்சுமணன் கீறிய கோடுபோல. காரணம் இவர்தான் கண்டுபிடித்தார். படியிலிருந்து விழாமலிருக்க மெஷினின் வயிற்றில் சின்னச் சின்னக் கண்கள் இருக்கின்றன. அவை தரையை நோக்கிக் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடும். ஒளி திரும்பினால் தரை, திரும்பாவிட்டால் பள்ளம். கறுப்பு அந்த ஒளியைக் குடித்துவிடுவதால் அதற்கு அது கிணறு. அந்தக் கண்களில் டேப் ஒட்டினால் கோட்டைத் தாண்டும் என்று யூடியூப்பில் சொன்னார்கள். டேப் ஒட்டினால் குசினிப் படியில் தலைகீழாக விழும் என்பதை யாரும் சொல்லவில்லை, ஆனால் அது எங்களுக்கே விளங்கியது. ஆகவே கறுப்புக் கரையும் அதற்கு அப்பாலுள்ள சுவரோரமும் இன்றைக்கும் தும்புத்தடியின் ராச்சியம்.

அடுத்தது சொதிக் கதை. ஒரு சனிக்கிழமை காலை, இடியப்பமும் சொதியும். சின்னவன் கோப்பையைத் தட்டிவிட்டு, சொன்னால் ஏச்சு விழுமென்று மேசைத் துணியை இழுத்து மறைத்துவிட்டுப் போய்விட்டான். ஒன்பதரைக்கு ஆமை வெளிக்கிட்டது. பத்து மணிக்கு நான் கிணற்றடியிலிருந்து உள்ளே வந்தால் வெள்ளை மாபிளில் மஞ்சள் கோடுகள். மேசையடியிலிருந்து ஹோல், ஹோலிலிருந்து மாமியின் அறை, அங்கிருந்து எங்கள் அறை. ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் ஒரு சாண், ஓவியர் அளந்து கீறிய மாதிரி. கறிவேப்பிலை ஒன்று சில்லில் ஒட்டியபடி சுற்றிக்கொண்டிருந்தது. மஞ்சளின் குணம் உங்களுக்குத் தெரியும். மாபிள் இடுக்கில் இறங்கிய நிறம் போக மூன்று கிழமை. மெஷினைக் கழற்றிக் கழுவிக் காயவைக்க ஒரு நாள் முழுக்க. பல மெஷின்களுக்குத் தூசிக்கும் சொதிக்கும் வித்தியாசம் தெரியாது. ஈரம் அதற்கு ஆகாது. மாரியில் சேற்றுக் காலோடு ஆட்கள் திரிகிற நாட்களில் அதற்கு லீவுதான்.

அப்புறம் தலைமயிர். மாமி, நான், மகள் மூன்று பேருக்கும் நீட்டு மயிர். சனிக்கிழமைகளில் ஆமையைக் கவிழ்த்துப் போட்டு உருளைத் தூரிகையைக் கழற்றி, பிளேட்டால் கீறி மயிரை இழுக்க வேண்டும். இருபது நிமிட வேலை. மயிரோடு வருபவை: ஒட்டுப்பொட்டு, மயிர்க்கிளிப், நூல் பந்து, பல்லிவால், ஒரு தரம் இரண்டு ரூபாய்க் குற்றி. குப்பைப் பெட்டியை நாள்தோறும் கொட்ட வேண்டும். வடிகட்டியைத் தட்டித் தூசி எடுக்க வேண்டும். அதைத் தட்டும்போது கிளம்புகிற தூசியைப் பார்த்தால் இவ்வளவும் முன்பு எங்கள் மூக்குக்குள்ளா போனது என்று பயம் வரும். ஹெப்பா என்று சொன்னால் 0.3 மைக்ரோன் அளவுத் துகளில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. ரோபோக்களில் வருவது பெரும்பாலும் "ஹெப்பா மாதிரி". சின்னவனின் முட்டு மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கச்சான் காலத்தில் இரவு எழும்புவது குறைந்திருக்கிறது. விரிப்புத் தோய்ப்பதும் கூடித்தான் இருக்கிறது. எதால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

சொல்லத் தயங்குகிற ஒரு விஷயமும் உண்டு. எங்கள் வீட்டுக்குக் கிழமையில் இரண்டு நாள் ஒரு அக்கா உதவிக்கு வருவார். குவைத்தில் பல வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். ஆமை வந்த முதல் செவ்வாய் அவர் வாசலில் நின்று அதை ஒரு பார்வை பார்த்தார். எங்களைப்போல வாய் பிளக்கவில்லை. "அங்க மடம் வீட்டில இப்பிடி ஒண்டு நிண்டது. அது ஓடி முடிய மூலை முடுக்கெல்லாம் நான்தான் கூட்டினன். அதையும் நான்தான் துடைச்சனான்" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போல, "அப்ப நான் இனி வரத் தேவையில்லையோ பிள்ளை?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போதும் அதே இரண்டு நாள் வருகிறார், அதே சம்பளம். கூட்டுகிற நேரத்தில் மா இடிக்கிறார், மாமியின் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுவிடுகிறார். ஆனால் அந்தக் கேள்வியை அவர் கேட்க வேண்டி வந்ததை நான் மறக்கவில்லை. உதவிக்கு ஆள் வைத்திருக்கிறவர்கள் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுக்க முதல் அந்தப் பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

இனி அந்தப் பெரிய வேலைக்கு வருகிறேன்.

ஆமை வருமுன் எங்கள் வீட்டுத் தரையில் என்னென்ன கிடக்கும்? மூத்தவனின் சார்ஜர் வயர், மகளின் பாட்டுக் கொப்பிகள், சின்னவனின் சில்லில்லாத கார்கள், இவர் கழற்றிப் போட்ட சொக்ஸ். மாமி ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கூட்டுவார். ஒருவருக்கும் அது கண்ணில் படாது. மாமி பக்கத்தில் தும்புத்தடியோடு வந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற மூத்தவனின் கால் தரையில் அப்படியே இருக்கும். மாமி காலைச் சுற்றிக் கூட்டிப் போவார்.

ஆமை அப்படிச் செய்யாது. வயரில் சிக்கினால் நிற்கும். "டிங், டிங்" என்று கத்தும். போனுக்குச் செய்தி அனுப்பும்: எனக்கு, இவருக்கு, மூத்தவனுக்கு, மூவருக்கும் ஒரே நேரத்தில். யாராவது வந்து எடுத்துவிடும்வரை அந்த இடத்தை விட்டு அசையாது. பாடசாலையால் வந்து போனைத் தொட்டதும், "உன்ர வயர்" என்று மகளும் "உன்ர கொப்பி" என்று மூத்தவனும் சண்டை. இரண்டாம் கிழமை அவர்களாகவே ஒரு ஒழுங்குக்கு வந்தார்கள். இரவு படுக்க முதல் கதிரைகள் மேசைமேல் ஏறும், வயர்கள் சுருளும், செருப்புகள் விறாந்தைக்குப் போகும். சொக்ஸ்கூட கூடைக்குள் விழத் தொடங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருடமாக நானும் மாமியும் சொல்லி நடக்காதது, ஒரு பிளாஸ்டிக் ஆமை சொல்லி நடந்தது.

ஒரு நாள் பின்னேரம் ஆமையை மறுபடி ஓட விட்டிருந்தோம். அது கிட்ட வர, மூத்தவன் கண்ணைப் போனிலிருந்து எடுக்காமலே இரண்டு காலையும் தூக்கிக் கதிரைமேல் வைத்தான். மாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவனுக்குத் தூக்கின காலை ஒரு நாள் எனக்கும் தூக்கியிருக்கலாமே ராசா" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் பிறகு ஹோலில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

இது எங்கள் வீட்டுப் புதினம் மட்டுமில்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜோடி ஃபோர்லிசி என்ற ஆய்வாளர் சில குடும்பங்களுக்கு ரூம்பாவும் வேறு சில குடும்பங்களுக்குச் சாதாரண வாக்குவமும் கொடுத்து என்ன நடக்கிறதென்று பார்த்தார்; 2007 இல் அது கட்டுரையாக வந்தது. சாதாரண வாக்குவம் போன வீடுகளில் யார் கூட்டுவது என்பது மாறவில்லை. ரூம்பா போன வீடுகளில் ஆண்களும் பிள்ளைகளும் துப்புரவு வேலைக்குள் வந்துவிட்டார்கள். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983 இல் எழுதிய நூலில் இதன் மறுபக்கம் இருக்கிறது. வாக்குவம் வருமுன் மேல்நாட்டு வீடுகளில் கம்பளத்தைத் தூக்கி வெளியே கொண்டுபோய் அடித்துத் தூசி தட்டுவது ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்த வேலை. மெஷின் வந்தது; அவர்கள் கழன்றுகொண்டார்கள்; முழு வேலையும் தாயின் தலையில் விழுந்தது. தாயின் நேரம் மிஞ்சவில்லை. ஸ்பாங்ளரின் மெஷின் வெளியே அனுப்பிய ஆட்களை நூறு வருடம் கழித்து இந்த ஆமை உள்ளே கூப்பிட்டிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இந்த ரூம்பாவைச் செய்த ஐரோபொட் நிறுவனத்தை 1990 இல் தொடங்கியவர்கள் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மூன்று பேர். ரூம்பா கடைக்கு வந்த அதே 2002 இல் அவர்களுடைய பக்பொட் என்ற ரோபோ ஆப்கானிஸ்தானில் குகைகளுக்குள் வெடிபொருள் தேடிப் போனது. வாசிக்கும்போது எனக்கு வடக்கே முகமாலை நினைவுக்கு வந்தது. அங்கே பெண்கள் முழங்காலில் இருந்து, மண்ணைக் கையால் வாரி வாரிக் கண்ணிவெடி எடுக்கிறார்கள். துப்புரவு என்ற சொல்லுக்கு எங்கள் நாட்டில் இன்னும் எத்தனை பாரம்.

கரண்ட் கதையையும் சொல்ல வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டதே, அன்றைக்கு. ஞாயிறென்பதால் ஆமையைப் பதினொரு மணிக்கு விட்டிருந்தோம். கரண்ட் போனாலும் அது ஓடும், பற்றரி இருக்கிறதே. ஓடி முடித்துத் திரும்பி வருகையில்தான் தடுமாற்றம். தட்டிலிருந்து வருகிற ஒளியைப் பார்த்துத்தான் அது சரியாகப் போய் ஏறும். கரண்டில்லாத தட்டில் ஒளியில்லை. கன்றைத் தொலைத்த மாடு மாதிரி அந்த மூலையையே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் எங்கள் கட்டிலுக்குக் கீழே போய் அடங்கிவிட்டது. வைபையும் இல்லை, போனில் கூப்பிடவும் முடியாது. மூத்தவன் தும்புத்தடியால்தான் அதை வெளியே இழுத்தெடுத்தான். 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்களை நினைத்துப் பார்த்தேன். அப்போது இது இருந்திருந்தால் மேலே துணி போட்டுப் பூச்சாடி வைத்திருப்போம்.

செலவுக்கு வருவோம். மின்சாரக் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். எங்களுடையதன் பற்றரி 14.4 வோல்ட், 5,200 மில்லிஅம்பியர் மணி. பெருக்கினால் ஏறத்தாழ 75 வாட் மணி. ஒரு தரம் முழுதாக ஏற்ற ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூடப் பிடிக்காது. தட்டு சும்மா நிற்கிற செலவையும் சேர்த்தால் மாதம் நாலைந்து யூனிட். வலி வேறிடத்தில். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைகிற கதைதான்: வடிகட்டி, பக்கத் தூரிகை, உருளைத் தூரிகை எல்லாம் மாற்ற வேண்டியவை, திருகோணமலையில் கிடைக்காது, கொழும்பில் சொல்லி எடுக்க வேண்டும். கடலோர உப்புக் காற்றில் தட்டின் செப்புத் தகடுகள் பச்சை பிடிக்கும். கிழமைக்கு ஒரு தரம் உலர்ந்த துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் "ஏறுகிறது" என்று காட்டும், ஏறாது.

வாங்குவதென்றால் உதிரிப்பாகம் இலங்கையில் கிடைக்கிற மொடலாகப் பாருங்கள். பெரிய பேரை மட்டும் நம்பாதீர்கள். இந்தச் சந்தையைத் தொடக்கிவைத்த ஐரோபொட்டை 2022 இல் 170 கோடி டொலருக்கு வாங்க அமேசன் முன்வந்தது. 2024 தையில் அந்தப் பேச்சு முறிந்தது. 2025 டிசெம்பரில் நிறுவனம் வங்குரோத்து மனுப் போட்டுவிட்டது. கமெரா வைத்த மெஷினை நாங்கள் வேண்டாமென்றோம். சோதனைக்கு விட்ட ரூம்பாக்கள் வீட்டுக்குள் எடுத்த படங்கள், குளியலறைப் படம் உட்பட, வெளியே கசிந்த செய்தி 2022 டிசெம்பரில் வந்தது. லேசர் போதும், அதற்குச் சுவர்தான் தெரியும், ஆள் தெரியாது. பழைய வீடுகளில் உயர்ந்த நிலைக்கட்டை இருந்தால் அளந்து பாருங்கள். இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் பல மெஷின்கள் ஏறா. கால் உயரமில்லாத அலுமாரி, வாங்கு இருந்தால் அதற்குக் கீழே போகாது. மண் தரை, சாணித் தரை, உடைந்த சீமெந்து என்றால் காசை வைத்திருங்கள். வீட்டில் எல்லோரும் தரையில் பாய் விரித்துப் படுத்து, தரையில் இருந்து சாப்பிட்டு, தரையிலேயே வாழ்கிறீர்கள் என்றால் அதற்கு ஓட நேரமே கிடைக்காது.

ஆறு பேர், மாபிள் தரை, வேலைக்குப் போகிற தாய், முட்டுக்காரப் பிள்ளை என்றால் வாங்கலாம். நேரம் மிஞ்சும் என்று மட்டும் எண்ணி வாங்க வேண்டாம். மாமிக்கு நாளுக்கு நாற்பது நிமிடம் மிஞ்சியது உண்மை. பெட்டி கொட்டுவதும் மயிர் வெட்டுவதும் இரவில் தரை ஒதுக்குவதும் அதில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொண்டன. அந்தப் பாதி இப்போது ஐந்து பேருக்குள் பிரிந்திருக்கிறது. எனக்கு அதுதான் இலாபம்.

அது எவ்வளவு உறுதியான இலாபம் என்று இந்தத் தை மாதம் பார்த்தோம். பக்கத் தூரிகையைச் சுழற்றுகிற குட்டி மோட்டார் நின்றுவிட்டது. புதியது கொழும்பிலிருந்து வர இரண்டு கிழமை என்றார்கள். மாமி தும்புத்தடியை எடுத்தார். முதல் மூன்று இரவும் பிள்ளைகள் பழக்கத்தில் கதிரைகளைத் தூக்கி வைத்தார்கள். நாலாம் நாள், சனிக்கிழமை, மூத்தவனின் சார்ஜர் வயர் ஹோலுக்குக் குறுக்கே கிடந்தது. ஆள் அறைக்குள், காதில் ஏதோ மாட்டியபடி.

நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி சுவரோரத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். வயரடிக்கு வந்ததும் குனிவார், எடுப்பார் என்று நினைத்து நான் ஓடிப்போகக் காலெடுத்தேன். அவர் குனியவில்லை. தும்புத்தடியை வயரில் முட்டக் கொடுத்தபடி நிமிர்ந்து நின்றார்.

"டிங்" என்றார்.

அறையில் அசுமாத்தம் இல்லை.

"டிங், டிங்." இந்த முறை கொஞ்சம் உரத்து.

மூத்தவன் காதிலிருந்ததைக் கழற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "என்ன அப்பம்மா?"

"ஆமை நிண்டுட்டுது. வந்து வயரை எடு."

அவன் எழும்பி வந்து வயரைச் சுருட்டினான். சுருட்டி முடிக்கும்வரை மாமி அந்த இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு கூட்டத் தொடங்கினார்.